மாப்பிள்ளை பார்க்காத வருஷம்

துறவியாகப் போகிறேன் என்று சுந்தரவல்லி சொன்னது 1993-ல், அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களிடமிருந்து சம்மதம் வந்த அன்று. அவள் அப்பா மாணிக்கவாசகம் திருநெல்வேலியிலிருந்து வந்து தி.நகரில் சேலைக்கடை வைத்தவர். கடைக்கு வந்தவர்கள் ஒரு சேலையை வேண்டாம் என்றால் வாதாட மாட்டார். இன்னொன்றைப் பிரித்துப் போடுவார். மகளிடமும் அதையே செய்தார்.

"போகலாம்ளா. முதல்ல எம்.ஏ. முடி."

அவள் தத்துவம் எடுத்தாள். நாலு புத்தகம் படித்தால் கிறுக்கு தெளிந்துவிடும் என்று அவர் மனைவியைத் தேற்றினார். ஜாதகம் பார்ப்பதையும் நிறுத்தவில்லை.

ஞாயிறுதோறும் திருவான்மியூரில் பெண் துறவிகள் நடத்தும் மடத்துக்கு அவள் போய்வருவாள். அங்கே பதிகம் பாடும்போது மனசுக்குள் பரவும் அமைதியே தனக்கு வந்த அழைப்பு என்று நம்பினாள்.

வகுப்பில் அவளோடு உட்காருபவள் ராயப்பேட்டை கமர் ஜஹான். ஒருநாள் தர்க்கப் பாடம்: ஒன்றை நீக்கினால் மற்றதும் போய்விடுகிறதா என்று பார்த்தால்தான் காரணம் தெரியும். கேன்டீனில் சமோசாவைப் பிட்டபடி கமர் கேட்டாள், "உங்க அப்பா மாப்பிள்ளை பார்க்கிறதை நிறுத்திட்டா, அப்பவும் நீ போவியா?"

சுந்தரவல்லிக்குக் கோபம்தான் வந்தது. வீடு வரும்வரை பஸ்ஸில் யோசித்துப் பார்த்தாள். புது ஜாதகம் வந்த வாரங்களில்தான் அந்த ஆசை பொங்கியிருந்தது. அமைதியோ, கடற்கரையில் நடந்தாலும் கிடைத்தது.

அன்றே அப்பாவிடம் ஓர் ஏற்பாடு சொன்னாள். ஒரு வருஷம் மாப்பிள்ளைப் பேச்சு வேண்டாம். நானும் மடத்துப் பக்கம் போகமாட்டேன். அப்புறமும் ஆசை மிஞ்சினால் அது நிஜம். பேரம் தனக்குத்தான் லாபம் என்று நினைத்து மாணிக்கவாசகம் உடனே ஒப்புக்கொண்டார். தரகரை வரவேண்டாம் என்றார். தீபாவளி வியாபாரத்துக்கு மகளைக் கடையில் நிறுத்தினார்.

அந்த வருஷம் அவளுக்கு நன்றாகவே போனது. மாமியாரும் மருமகளும் ஒரே சேலையைப் பிடித்து இழுத்தால், இருவரையும் சிரிக்கவைத்து இரண்டு சேலை விற்பாள். கமரோடு சினிமாவுக்குப் போனாள். எதிலிருந்தும் தப்பி ஓடவேண்டிய தேவை இல்லை. ஆனாலும் கூட்டம் ஓய்ந்த மத்தியானங்களில் அந்த ஆசை வந்தது. பழைய படபடப்பு இல்லாமல், பசி எடுப்பதுபோல இயல்பாக வந்தது.

படிப்பும் முடிந்து கெடுவும் தீர்ந்ததும் மடத்துக்குப் போனாள். ஏன் சேர விரும்புகிறாய் என்று தலைவி தேவானை அம்மாள் கேட்டார். முன்பு வைத்திருந்த காரணங்கள் ஒவ்வொன்றாகப் படிப்பில் உதிர்ந்துவிட்டன என்றாள்.

"இங்க இருந்தா நான் முழுசா இருப்பேன்னு தோணுது. அதை நிரூபிக்கத் தெரியலை."

அம்மாள் சிரித்து, தை பிறந்ததும் வரச்சொன்னார்.

பேரம் நஷ்டமானாலும் மாணிக்கவாசகம் பேச்சு மாறவில்லை. கிளம்பும் நாளில் அவரே பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். "புடிக்கலைன்னா கூச்சப்படாம திரும்பி வந்திரணும், கேட்டியா?" என்றார். சரி என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பிப் போகவேண்டி வரவில்லை. அவர்தான் மாதம் ஒரு ஞாயிறு மடத்துக்கு வரத் தொடங்கினார். கடவுள் உண்டா இல்லையா என்று மகளோடு சாப்பாட்டு நேரம்வரை வாதாடுவார். தோற்றாலும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்.