பொட்டு வைத்த சி.டி.

காளிகாட்டில் எங்களுக்குக் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்த வெங்கடநாராயணனைப் போலப் பயந்த மனிதரை இந்தக் கல்கத்தா கண்டதில்லை. டிராமில் ஏறினால் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிக்கெட்டைப் பல்லில் கவ்விக்கொள்வார். பூமிக்கடியில் ஓடும் மெட்ரோவில் ஏறி மூச்சை அடக்கினால், டாலிகஞ்சில் வண்டி வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் விடுவார். இதில் பாதியை நீங்கள் நம்பினால் போதும்.

அவருடைய அப்பா பாங்கு குமாஸ்தா. மகனும் பேனா பிடிப்பான் என்று நினைத்தார். மகனோ தொழிற்பயிற்சி முடித்து, உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் மெஷினிடம் போய்ச் சேர்ந்தார். பெஹாலாவில் கோஷால் பாபுவின் பட்டறை. படகு மோட்டார்களுக்கு அச்சு செய்யும் இடம். மெஷினை ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் ஓட்டியது. அதை அமைத்துக் கொடுத்த இன்ஜினியர் கனடாவுக்குப் போய்விட்டார். அதன் மென்பொருளுக்கு நகல் எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை. வைரஸ் வந்துவிடும் என்று கோஷால் பாபு அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் ஒயரைக் கண்ணில்கூடக் காட்டவில்லை.

2007-ஆம் வருஷம் மழைக்காலத்தில் ஒரு சங்கடம் வந்தது. படம் வரைந்து, மெஷினின் கத்தி எந்த வழியாகப் போகவேண்டும் என்றும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த வெளிக்கடையை மூடிவிட்டார்கள். இனி அந்த இரண்டு வேலையையும் செய்யும் மென்பொருளை மெஷின் கம்ப்யூட்டரிலேயே ஏற்ற வேண்டும். அதைக் கற்றுவைத்திருந்தவர் வெங்கடநாராயணன் ஒருவர்தான்.

"ஏத்துங்க நாராயண் பாபு," என்றார் கோஷால். "ஆனா இது படுத்துட்டா பட்டறையும் படுத்துடும். அப்புறம் நீங்களும் நானும் டிராம் டிப்போ வாசல்ல காரப்பொரி ஜால்முடி விக்கலாம்."

"எனக்குக் காரம் ஒத்துக்காது, தாதா," என்றார் வெங்கடநாராயணன். அவர் கேலியாகச் சொல்லவில்லை.

காளிகாட் சைபர் கஃபேயில் மென்பொருளை இறக்கி, கடைக்காரரிடம் சி.டி.யில் எழுதி வாங்கி, பெஹாலாவுக்குக் கொண்டுபோனார். துணை நிரல்கள் இல்லாமல் அது உள்ளே வர மறுத்தது. கல்யாணத்துக்கு அழைத்த சம்பந்தி மாதிரி, "முதலில் என் மாமனைக் கூப்பிடு" என்றது. மாமனைக் கொண்டுபோனால், "மாமியும் மச்சினனும் இல்லாமலா?" என்றது. கேட்ட பெயர்களையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு மறுபடி சைபர் கஃபே, மறுபடி பெஹாலா. இப்படி ஒன்பது நடை. கடைசியில் சொந்தபந்தம் நாற்பத்து மூன்று பேரும் ஒரே சி.டி.யில் வந்து உட்கார்ந்தார்கள்.

அதைப் பூஜை மாடத்தில் வைத்துக் கும்பிட்டார். மனைவி அலமு சும்மா இருக்கவில்லை.

"புதுசுக்கு ஒரு பொட்டு வெக்கவேண்டாமோ? ஸ்கூட்டருக்கு வெச்சோமே."

"எந்தப் பக்கம்டி வெக்கறது?"

"முகம் எதுவோ, அந்தப் பக்கம்."

கம்ப்யூட்டர் எந்தப் பக்கத்தைப் படிக்கிறது என்று அவர் யாரையும் கேட்டதில்லை. கண்ணாடி மாதிரி மின்னுவதுதான் முகம் என்று இருவருமாக முடிவுசெய்தார்கள். அலமு தன் கையாலேயே சந்தனம் குழைத்து இட்டு, அதன்மேல் குங்குமமும் வைத்தாள்.

மறுநாள் காலை கம்ப்யூட்டருக்குள் சி.டி. போயிற்று. கோஷால் பாபு பின்னால் நின்றார். வெங்கடநாராயணன் ஒற்றை விரலால் கட்டளையைத் தட்டினார். திரையில் வரிகள் ஓடின. ஒன்று, இரண்டு, பத்து, இருபது. இருபத்தெட்டு ஏறியதும் உள்ளே ஏதோ கரகரத்தது. "படிக்க முடியவில்லை" என்று சொல்லிவிட்டுத் திரை நின்றது.

பழைய துணை நிரல்கள் சில போய், அந்த இடத்தில் புதியவை வந்துவிட்டன. மீதி வெளியே நிற்கின்றன. கூரையைப் பாதி பிரித்த வீடு. வெளியே மழை கொட்டியது. குழல்விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. இப்போது கரண்ட் போனால் இந்தக் கம்ப்யூட்டர் இனி எழுந்திருக்குமா என்பது கனடாக்காரருக்குத்தான் தெரியும்.

வெங்கடநாராயணன் சி.டி.யை வெளியே எடுத்தார். சந்தனம் வெடித்துக் குங்குமம் வட்டமாக இழுபட்டிருந்தது.

"துடைச்சுடுங்க," என்று கோஷால் பழந்துணியை நீட்டினார்.

கை போகவில்லை. மனைவி இட்ட குங்குமத்தைப் புருஷனே துடைப்பதா? யார் உயிருக்கு என்ன வருமோ? துடைக்காவிட்டாலோ பட்டறையின் உயிர் போய்விடும்.

"ஒரு போன் பண்ணிக்கறேன், தாதா."

மறுமுனையில் அலமு எடுத்தாள்.

"அலமு, பொட்டை அழிச்சாகணும். மெஷின் பாதியில நிக்கறது."

"நான் வெச்சதையா?"

"ஆமாம்."

"துடைக்காதீங்கோ," என்றாள். "பிள்ளையாருக்குப் பூஜை பண்ணி முடிச்சா, அவரையே தண்ணியில விடறோமோ இல்லையோ? நன்னாத் தண்ணி விட்டு அலம்புங்கோ. அது அழிக்கறதுல சேராது."

"நெஜமாவா?"

"எனக்கு மட்டும் பயமா இல்லையா? சீக்கிரம் போங்கோ, கரண்ட் போயிடப்போறது."

கூரையிலிருந்து ஊற்றிய மழைத்தண்ணீரில் சி.டி.யைப் பிடித்தார். குங்குமம் சிவப்பாகக் கரைந்து சாக்கடையோடு போயிற்று. கைக்குட்டையால் ஈரத்தை ஒற்றியெடுத்தார். மறுபடி உள்ளே தள்ளி, அதே கட்டளையைத் தட்டினார்.

இருபத்தொன்பது ஏறியது. முப்பது. கோஷால் பாபு காளியின் பெயரை முணுமுணுத்தார். நாற்பத்து மூன்றும் ஏறிய பிறகு கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார்கள். திரை கறுப்பாகவே இருந்தது. அந்த ஒன்றரை நிமிஷத்தில் அவருக்குப் பதினேழு முடி நரைத்ததாக அலமு பிற்பாடு எண்ணிச் சொன்னாள். அப்புறம் வெளிச்சம் வந்தது. மெஷினை ஓட்டும் பழைய நிரலும் இருந்தது. புதியதும் பக்கத்தில் இருந்தது.

ஒரு வட்டம் வரைந்தார். கத்தி போகவேண்டிய பாதையை மென்பொருள் போட்டுக் கொடுத்தது. முதலில் கத்தியை உயரத் தூக்கி வெறும் காற்றில் ஓட்டிப் பார்த்தார். பிறகு ஒரு மரக்கட்டையில். இடது கை சிவப்பு நிறுத்தப் பொத்தானை விட்டு நகரவே இல்லை. கட்டையில் வட்டம் சுத்தமாக விழுந்தது. கோஷால் பாபு டீ வரவழைத்தார். வெங்கடநாராயணன் அதை வலது கையாலேயே குடித்தார்.

சாயங்காலம் அலமு வாசலிலேயே காத்திருந்தாள்.

"எழுந்துண்டுதா?"

"எழுந்துண்டுது."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? கை கால் அலம்பிண்டு சாப்பிட வாங்கோ."

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தார்.

"அணைச்சுட்டு வந்திருக்கேன்டி. நாளைக்குக் காலம்பற மறுபடியும் போடணுமே."