அரக்கு அக்காவும் ஒரு ஜோடி கையுறையும்

அரசு மருந்துக் கிடங்கில் அவளை எல்லோரும் அரக்கு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வலது கை விரல் நுனிகளில் எப்போதும் சிவப்பு அரக்கு ஒட்டியிருக்கும். கோபக்காரியாக இருந்திருந்தால் அரக்கி என்றே சுருக்கியிருப்பார்கள். அவளுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரிகளுக்கு ஊசி, பஞ்சு, கையுறை என்று எதை வாங்குவதானாலும் அரசு டெண்டர் விடும். டெண்டர் கிடைத்த கம்பெனி முதலில் ஒரு மாதிரிப் பொட்டலம் கொடுக்க வேண்டும். அதைத் துணிப்பையில் போட்டு, வாயைக் கட்டி, அரக்கை உருக்கி ஊற்றி, பித்தளை முத்திரையை அழுத்தி, ஸ்டோர் ஆபீசர் கையெழுத்துப் போட்ட சீட்டை ஒட்டி, அவளுடைய இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். பிறகு லாரியில் சரக்கு வரும்போதெல்லாம் அந்தப் பையைத் திறந்து, மாதிரியில் ஒன்று, சரக்கில் ஒன்று என்று எடுத்து இழுத்துப் பார்த்து, ‘ஒத்திருக்கிறது’ என்று எழுத வேண்டும். மறுபடி கட்டு, மறுபடி அரக்கு. இருபத்தாறு வருஷமாக இதுதான் அவள் உத்தியோகம். இவ்வளவு பெரிய அரசாங்கம் ஒரு துணிப்பையை நம்பிக்கொண்டிருக்கிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒவ்வொரு தடவையும் ஆபீசர் மாடியிலிருந்து இறங்கி வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அவர் இருபது சீட்டுகளில் ஒரேயடியாகக் கையெழுத்துப் போட்டு, முத்திரையையும் சேர்த்து அவளிடமே கொடுத்துவிட்டார். “நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலைக்கா?” என்றார். அவளும் அதை நம்பிக்கை என்றுதான் எடுத்துக்கொண்டாள். படி இறங்க அலுப்பு என்பது பிறகுதான் புரிந்தது.

வீட்டில் அவளும் நாத்தனாரும் மட்டும்தான். புருஷன் போய் ஆறு வருஷம். அவர் போனபோது வாய்விட்டு அழுது தீர்த்திருந்தால் சரியாகியிருக்குமோ என்னவோ, உள்ளே ஏதோ ஒன்று மரத்துப்போனது அப்படியே நின்றுவிட்டது. சமையலில் உப்பு கூடினாலும் தெரியாது, குறைந்தாலும் தெரியாது. நாத்தனார்தான் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். புருஷனின் தங்கையான நாத்தனார் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பக்கத்து ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் இருபது வருஷமாக நர்ஸாக இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். கைராசிக்காரி என்று பெயர். தலைச்சன் பிரசவத்துக்கு வருகிற பெண்கள் அவள் டூட்டியில் இருக்கிறாளா என்று விசாரித்துக்கொண்டு வருவார்கள்.

போன வருஷம் காய்ச்சல் பரவியபோது வார்டில் கையுறை தீர்ந்துபோனது. புதுச் சரக்கு வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். நாத்தனார் கிடங்குக்கே ஓடி வந்தாள்.

“அண்ணி, ரெண்டு பொண்ணுங்க வலியில துடிக்குதுங்க. வெறுங்கையோட எப்படிப் பார்க்கிறது? ஏதாவது இருந்தா குடுங்க.”

இருந்தது, அலமாரியில். ஐம்பது ஜோடி, முத்திரை போட்டபடி. அரக்கு அக்கா அதிகம் யோசிக்கவில்லை. பையை உடைத்துக் கொடுத்துவிட்டாள். மூன்றாம் நாள் லாரி வந்ததும் அந்தச் சரக்கிலிருந்தே ஐம்பது ஜோடி எண்ணிப் பையில் போட்டு, கட்டி, அரக்கு வைத்து, சீட்டை ஒட்டினாள். கைமாற்றாகக் கொடுத்த அரிசியைத் திருப்பி வாங்கிப் பானையில் கொட்டியது போலத்தான் அவளுக்கு இருந்தது. பிறகு ‘ஒத்திருக்கிறது’ என்று எழுதினாள். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு கையுறைகள் ஒத்திராமல் என்ன செய்யும்?

அந்தச் சரக்கு கிழிந்தது. மாட்டும்போதே கிழிந்தது, சில சமயம் பிரசவத்தின் நடுவில் கிழிந்தது. ஒரு நாள் நாத்தனாரின் கையில் கையுறையும் கிழிந்து ஊசியும் குத்திவிட்டது. பிரசவித்த பெண்ணுக்கு ரத்தத்தில் தொற்று இருந்தது. ஒரு மாதம் மாத்திரை தின்று, வாந்தி எடுத்து, பிறகு நடத்திய பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. உடனே உட்கார்ந்து புகார் எழுதினாள். கமிட்டி கூடியது. மாதிரிப் பையை வரவழைத்தார்கள், திறந்தார்கள், இழுத்துப் பார்த்தார்கள். ஒத்திருந்தது. அப்படியானால் குறை சரக்கில் இல்லை, போட்டவள் கையில்தான் என்று முடிவு கட்டினார்கள். ‘நகத்தை வெட்டாமல் அணிந்ததால் கிழிந்துள்ளது’ என்று மெமோ வந்தது. பிரசவ வார்டிலிருந்து அவளைத் துணிக் கிடங்குக்கு மாற்றினார்கள். சதையோடு ஒட்ட நகம் வெட்டுகிறவள் அவள். இருபது வருஷம் பிள்ளை ஏந்திய கை இப்போது படுக்கை விரிப்பு எண்ணியது.

அரக்கு அக்காவுக்கு எல்லாம் தெரியும். பையில் என்ன இருந்தது என்பதும் தெரியும். ஆனால் அந்த மாற்றல் உத்தரவை வாசித்தபோது நெஞ்சு பதறவில்லை, கண் கலங்கவில்லை. பதறாததுதான் அவளுக்கே பயமாக இருந்தது. சோறு வடித்தாள், சாப்பிட்டார்கள். நாத்தனாரும் அந்த ஐம்பது ஜோடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீள வாய்க்காரி ஊமையாகிப்போனாள்.

இந்த நிலையில்தான் ஆடிட்டுக்கு ஆள் வந்தார். தூசிக்குத் தும்மிக்கொண்டே ஃபைல் பார்க்கிற நடுவயது மனிதர். நாலு நாள் இருந்தார். கடைசியில் ஒரு தாளை அவளிடம் நீட்டினார்.

“கிளவுஸ் புகார் ஃபைலை முடிக்கணும்மா. பையில இருக்கிற மாதிரி ஆரம்பத்துல வச்சதுதான், மாறலைன்னு நீங்க எழுதிக் குடுத்தா போதும். நாளைக்கு வாங்கிக்கிறேன்.”

அவர் போனதும் ஸ்டோர் ஆபீசர் படியிறங்கி வந்தார். அத்தனை வருஷத்தில் அவர் வேகமாக இறங்கி அவள் பார்த்தது அன்றுதான்.

“போட்டுக் குடுத்துடுங்கக்கா. இது முடிஞ்சாதான் அந்தக் கம்பெனிக்கு அடுத்த ரெண்டு வருஷ ஆர்டர் போகும். உங்களுக்கும் ரிட்டயர் ஆக மூணு மாசம்தானே? மாலையோட வீட்டுக்குப் போங்க.”

“அந்தப் புகார் குடுத்த நர்ஸ்?”

“அது அதோட முடிஞ்சுது. கமிட்டி முடிவை யார் மாத்த முடியும்?”

மறுநாள் காலை குளிக்கப் போனவள் கொடியில் தொங்கிய கையுறையை நகர்த்தினாள். நாத்தனார் தலைக்குச் சாயம் பூசுகிற கையுறை அது. மாதம் ஒரு தடவை பூசுவாள், கழுவுவாள், பவுடர் தூவிக் காயப்போடுவாள். ஒரு வருஷமாக அங்கேதான் தொங்குகிறது. கை சும்மா இருக்காமல் அதை இழுத்துப் பார்த்தாள். நீண்டது, விட்டதும் பழையபடி சுருங்கியது. இன்னும் பலமாக இழுத்தாள். கிழியவில்லை.

ஆயிரக்கணக்கில் இழுத்துப் பார்த்த விரல்கள். அவளுக்கு முன்னால் அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. விரல் பகுதிகள் கறுத்திருந்தாலும் மணிக்கட்டு விளிம்பு சுத்தமாக இருந்தது. அதில் பேட்ச் நம்பர் அச்சாகியிருந்தது. அந்த நம்பரை அவளே மாதிரிப் பதிவேட்டில் எழுதியிருக்கிறாள்.

அந்த ஐம்பதில் ஒரு ஜோடி நாத்தனாரின் யூனிஃபார்ம் பையிலேயே வீட்டுக்கு வந்திருக்கிறது. கம்பெனி காட்டியது ஒன்று, அனுப்பியது வேறு. அதற்கு உலகத்திலேயே இருந்த ஒரே சாட்சி அவள் வீட்டுக் குளியலறைக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அது எப்படி அங்கே வந்தது என்று அவள் சொன்னால்தான் அது சாட்சி. சொல்லாவிட்டால் வெறும் சாயக் கையுறை.

குளித்தாள், சாப்பிட்டாள், கையுறையை ஒரு கவரில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

அவள் நடந்ததைச் சொல்லச் சொல்ல ஆடிட்டர் கையுறையையும் பதிவேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அலமாரிப் பையைத் திறக்கச் சொல்லி அதிலிருந்த நம்பரையும் பார்த்தார். அது வேறாக இருந்தது. தும்மல் நின்றுவிட்டது.

“இதை எழுதிக் குடுத்தா உங்க மேலதான்மா முதல் நடவடிக்கை வரும். முத்திரையை உடைச்சது நீங்க. மாத்தி வச்சதும் நீங்க. பென்ஷனை நிறுத்தி வைப்பாங்க. தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“யோசிச்சுக்குங்க.”

“ஒரு வருஷம் யோசிக்காம இருந்தது போதும் சார். பேப்பர் குடுங்க.”

இரண்டு பக்கம் எழுதினாள். கையெழுத்துப் போட்ட சீட்டுகளில் மிச்சம் ஏழு இருந்தன. அவற்றையும் எடுத்து மேஜையில் வைத்தாள். ஆபீசர் வாசலில் நின்று, “அக்கா, என்னக்கா இது?” என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் கிண்ணத்தில் சாயம் கரைத்து வைத்துக்கொண்டு கொடியைத் தேடினாள்.

“அண்ணி, என் கிளவுஸ் எங்க?”

“ஆடிட்டர்கிட்ட.”

நாத்தனார் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“எனக்கு அப்பவே தெரியும் அண்ணி, நீங்க பையை எதால நிரப்பியிருப்பீங்கன்னு. வாங்கிட்டுப் போனவளே காட்டிக் குடுக்கிறதா? அதான் வாயை மூடிக்கிட்டேன்.”

“தெரியும். நீ பேசாம இருந்தது எனக்கு வசதியா இருந்துச்சு. அதுதான் என் தப்பு. திரும்பி உட்காரு, நான் பூசி விடறேன்.”

“வெறுங்கையாலயா? கிடங்கு கிளவுஸ் ரெண்டு பீரோவுல கிடக்கு.”

“அது கிழியும்.”

நாத்தனார் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை. முதுகு குலுங்கியது. அவள் தலைமுடியில் விரல்களை விட்டபோது அரக்கு அக்காவுக்குச் சாயத்தின் குளிர்ச்சி தெரிந்தது. ஆறு வருஷத்துக்குப் பிறகு ஒன்று தெரிந்தது.

மூன்றாம் நாள் விசாரணை. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். மேஜை மேல் அந்தச் சாயக் கையுறையை வைத்துக் கட்டிய சின்னத் துணிப்பை, வேறு யாரோ வைத்த அரக்கு, கோணல்மாணலாக. நடுவில் இருந்தவர் அவள் கையைப் பார்த்து முகம் சுளித்தார்.

“நகமெல்லாம் என்னம்மா இப்படிக் கறுத்திருக்கு?”

“சாயம் சார்,” என்றாள் அரக்கு அக்கா. “கிளவுஸ் உங்ககிட்டதானே இருக்கு.”