மூன்றாவது சிலிண்டர்

மெக்கானிக் கடையைத் தாண்டும்போது பழைய ஆயில் வாசம் அடித்தால், தங்கச் சுரங்கம் மூடிய வருஷம் எங்கள் ஊரிகம் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் கட்டைமேல் கிடந்த வெள்ளைக்காரன் காலத்துக் கார் இன்ஜின்தான் கண்ணில் நிற்கிறது. சுரங்க வேலை போனதால், அதைத் தேற்றி இனி டாக்ஸி ஓட்டுவதுதான் பிழைப்பு என்றிருந்தார் அப்பா. ஒவ்வொரு சிலிண்டராக, பிளக் ஓட்டையில் அழுத்தம் காட்டும் கம்ப்ரஷன் மீட்டரைச் செருகுவார். முள் ஏறினால் இன்ஜின் தேறும். சுரங்கத்தில் ஆளை இறக்கி ஏற்றும் கேஜுக்கு மணியடிப்பதுபோல ஸ்பானரால் இரண்டு தட்டினால் அம்மா பேட்டரி ஒயரை ஸ்டார்ட்டரில் வைத்துச் சுற்றவிட வேண்டும், ஒன்று தட்டினால் எடுக்க வேண்டும். மூன்றாவது சிலிண்டரில், ஆயில் ஊற்றிப் பார்த்தும் முள் அசையவில்லை.

"இன்னாங்க, எடுத்துடட்டா?" என்றாள் அம்மா.

அப்பா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தட்டாமல் எடுத்துப் பழகாத அம்மா, பேட்டரி முனகி முனகி அடங்கும்வரை ஒயரைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.