மடத்துக் கல்லறையில் ஓர் ஏலச்செடி

போடியிலிருந்து ஜீப்பில் மலையேறினால், ஏலக்காட்டுக்கு நடுவே அந்தக் கிறிஸ்தவக் கோயிலும் மடமும் வரும். வெளிநாட்டுத் துறவிகள் கருங்கல்லால் கட்டியவை. துறவிகள் ஒவ்வொருவராகக் குறைந்து, கடைசியில் மெழுகுதிரி ஏற்றக்கூட ஆளில்லாமல் போனதும் எஸ்டேட்காரர் ஒருவர் வாங்கினார். மடத்து அறைகளில் இப்போது சுற்றுலா வருகிறவர்கள் தங்குகிறார்கள். கோயில் ஏலக்காய் ஸ்டோர் ஆகிவிட்டது. பீடம் இருந்த இடத்தில் காய் உலர்த்தும் அடுப்பு எரிகிறது. பாவமன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் காலிச் சாக்குகள். ஜெப மணியை எப்போதோ இறக்கிவிட்டார்கள். ஆனாலும் சாயங்காலம் ஆறு மணி ஆனால், காய் தரம் பிரிக்கும் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியவில்லை. அந்த நேரத்தில் அங்கே நிற்க எனக்குப் பயம்.

அந்த வளாகத்தில்தான் என் அக்கா இருந்தாள். பிறந்த அன்றே இறந்தவள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் வைப்பதில்லை. வயதான துறவி ஒருவர் மனமிரங்கி உள்ளேயே ஓர் ஓரத்தில் இடம் கொடுத்தார். சிலுவை மட்டும் நட வேண்டாம் என்றாராம். மலையில் ஏலக்காய் வாங்கி விற்றுக்கொண்டிருந்த அப்பா, சிலுவைக்குப் பதில் ஓர் ஏலக்கன்றை நட்டார்.

வருடாவருடம் கல்லறைத் திருநாளுக்கு அம்மாவுடன் நானும் போவேன். அம்மா செடியருகே முழந்தாளிட மாட்டாள். மேட்டுப் பக்கம் தள்ளிப் போய், செடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜெபிப்பாள். செடியடியில் அட்டை கடிக்கும் என்று பயப்படுகிறாள் போல என்று கேலி செய்திருக்கிறேன்.

சென்ற வருடம் துறவிகளின் எலும்புகளை எடுத்துப் போடிக் கல்லறைக்குக் கொண்டுவந்தார்கள். அக்காவின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால் அவளை யாரும் தேடவில்லை. மடத்துக் கல்லறை இருந்த இடத்தில் காங்கிரீட் தளம் போடப்போவதாக எஸ்டேட்காரர் போனில் சொன்னார். மறுநாள் மதியம் வரை பொறுப்பதாகவும் சொன்னார். அம்மாவால் அப்போது நடக்க முடியாது. தான் இறந்தால் தன் குழிக்குள் அக்காவையும் வைக்க வேண்டும், அது ஒன்றுதான் அம்மா என்னிடம் கேட்டது.

"வெரசா போயி பிள்ளையக் கொண்டா, அப்பு" என்றாள்.

எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. செடிதான் இருக்கிறதே.

இரண்டு ஆட்களோடு தூரைப் பெயர்த்து இடுப்பளவு தோண்டினோம். வேர், கல், ஈரமண். வேறெதுவும் இல்லை. இத்தனை காலத்தில் கரைந்திருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு, அந்த மண்ணை ஒரு பெட்டியில் அள்ளினேன். நான் புறப்படும்போதே கலவை இயந்திரம் ஓடத் தொடங்கியிருந்தது.

அம்மா பெட்டியைத் திறந்து மண்ணைக் கிளறினாள். ஒரு வேர்த்துண்டை எடுத்து முகர்ந்தாள்.

"செடிக்கு அடியிலயா தோண்டுன?"

ஆமாம் என்றேன்.

"ஏலம் வருசா வருசம் முன்னால தூர் விட்டு, பின்னால செத்து, எடம் நகந்துக்கிட்டே போகும்ல. அதுக்குத்தான நான் தள்ளித் தள்ளி முட்டி போட்டேன்."

ஏலக்காயில் பிழைத்த வீட்டில் வளர்ந்தவன் நான். எனக்கு இது தெரியாததல்ல. எஸ்டேட்காரருக்குப் போன் போட்டேன். தளம் முழுக்கப் போட்டாகிவிட்டது என்றார்.

அம்மா வேரைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். பிறகு அதற்கு முதுகைக் காட்டி, மலை தெரியும் ஜன்னல் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.