மருந்துக்குக் கெட்ட பேர் வரக்கூடாது

என் வீட்டுக்காரர் முடி திருத்துபவர். கடைவீதித் திருப்பத்தில், மருந்துக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இரண்டு நாற்காலி போட்ட சலூன் அவருடையது. ஒரு நாற்காலி அவருக்கு, இன்னொன்று என் தம்பிக்கு. முடி வெட்டி முடித்ததும் சின்னக் கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டி, “எப்படி, நல்லாருக்கா?” என்று கேட்பார். உட்கார்ந்திருப்பவர் முகம் அஷ்டகோணலாகிக் கிடந்தாலும் “நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்து போவார். அது இவருக்கும் தெரியும்.

“வெட்டின முடிய ஒட்டவா முடியும்? நல்லாருக்குன்னு சொல்றது ஒரு மரியாதைடி” என்பார்.

காலமெல்லாம் அந்த மரியாதையில் ஊறிப்போன மனிதர் அதை ஊர் முழுக்கத் திருப்பிக் கொடுத்தார். என் சமையல் அருமை. என் தம்பியின் பாட்டு அருமை. பல்லைத் தப்பாகப் பிடுங்கிய டாக்டர்கூட அருமை. எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. மனதில் பட்டதைப் போட்டு உடைத்துவிடுவது என் சுபாவம். எங்கள் இருவருக்கும் எப்படித்தான் ஒத்துப்போனது என்று என் நாத்தனார் இன்றைக்கும் கேட்கிறாள்.

அவருக்குக் குடலில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருந்துவிட்டு, அது வேறு இடத்தில் தலைகாட்டியது. பெரியாஸ்பத்திரி டாக்டர் எங்களை உட்காரவைத்து, அங்கே நடக்கும் ஒரு ட்ரையலைப் பற்றிப் பொறுமையாகச் சொன்னார். வழக்கமான மருந்தோடு புதிதாக ஒரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள். சிலருக்குப் பழையது மட்டும், சிலருக்கு இரண்டும். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

வெளியே வந்ததும் வராததுமாக, “நீங்க என்ன சோதனைச்சாலை எலியா?” என்று பிடித்துக்கொண்டேன்.

“சும்மா இருடி. கடைக்குப் புது மெஷின் வந்தா யாரு தலையிலயாவது முதல்ல ஓட்டித்தானே பாக்கணும்?” என்றார். அவர் வாயை யாரால் அடைக்க முடியும்?

குலுக்கலில் அவருக்குப் புது மருந்தும் சேர்ந்தே விழுந்தது. முதல் ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. அவ்வளவுதான், மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையைப் போல அந்த மருந்தைத் தாங்க ஆரம்பித்துவிட்டார். அதைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது.

மருந்து ஏற்றும் அறை மூன்றாவது மாடியின் கோடியில் இருந்தது. முன்பு படுக்கை விரிப்புகள் அடுக்கிவைத்த அறை. அந்தப் பலகைகள் இன்னும் சுவரிலேயே இருந்தன. சாய்ந்துகொள்ளும் நாற்காலிகள் ஐந்து. கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் கத்தும் ஒரு ஃப்ரிட்ஜ். அந்த ட்ரையலைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸுக்கு இவர் ‘கேள்வித் தங்கச்சி’ என்று பேர் வைத்திருந்தார். மருந்து ஏற்றும் முன்பு அந்தப் பெண் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும். வாந்தி வருதா, பசிக்குதா, கை கால் மரத்துப்போகுதா? ஒரே கேள்வியை நாலு விதமாகத் திருப்பிக் கேட்கும்.

“அண்ணா, சட்டை பட்டன் போட முடியுதா?”

“ஓ, தாராளமா!”

“சில்லுனு எதையாவது தொட்டா சுருக்குனு குத்துதா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல தங்கச்சி. நல்லாருக்கேன். மருந்து அருமையான மருந்து.”

அந்தப் பெண் என்னைப் பார்க்கும். நான் என்ன சொல்ல? எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. இஸ்திரி போட்ட சட்டை இல்லாமல் வாசலைத் தாண்டாத மனிதர், தலைவழியாகப் போடும் டீஷர்ட்டுக்கு மாறியிருந்தார். “இள வயசுன்னு நெனப்பா?” என்று கேலி செய்தேன், வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். கடையில் கத்தரிக்கோலை ஓரங்கட்டிவிட்டு எல்லாத் தலைக்கும் மெஷினையே ஓட்டினார். ஷேவிங்குக்கு வந்தவர்களை என் தம்பியிடம் தள்ளிவிட்டார். கேட்டதற்கு, “மச்சானும் பேர் வாங்கட்டுமே” என்று சப்பைக்கட்டு கட்டினார். ஆஸ்பத்திரியில் வாங்கிய டீயை மட்டும் இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடித்துக் குடித்தார். குளிருகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து நாற்காலியில் ஒரு கண்டக்டர் அம்மா வருவார். பஸ்ஸில் கூட்டத்தைக் கத்திக் கத்தி உள்ளே தள்ளிய குரல். நோயிலும் அது இறங்கவில்லை. அவருக்கு வேறு மருந்து, முடி கொட்டும் மருந்து. இடுப்பைத் தொடும் பின்னல் கொத்துக் கொத்தாகக் கையோடு வர ஆரம்பித்தது. ஒரு நாள் இவரைப் பார்த்து, “தம்பி, இது தினமும் கொஞ்சம் கொஞ்சமா என்னை அழவைக்குது. அடுத்த தடவ வரும்போது உன் சாமானக் கொண்டுவந்து மொத்தமா எடுத்துடு” என்றார்.

“அக்கா, கௌரவம்க்கா எனக்கு” என்றார் இவர்.

அடுத்த தடவை சாமான்களோடு போய், கேள்வித் தங்கச்சியிடம் அனுமதி கேட்டோம். தோலில் கீறல் பட்டால் கிருமி தொற்றிவிடும், அதனால் சவரக்கத்தி கூடவே கூடாது, பின்னலுக்குக் கத்தரிக்கோல், மற்றதுக்கு மெஷின் என்று சொல்லி, அதுவே ஒரு துணியைக் கொண்டுவந்து கண்டக்டர் அம்மாவின் தோளில் போர்த்தியது.

இவர் பின்னலின் மேல்முனையை ரப்பர் பேண்டால் கட்டப் போனார். ரப்பர் பேண்ட் விரலில் மாட்டவில்லை. நான் கட்டிக் கொடுத்தேன். கத்தரிக்கோலை எடுத்தார். அது நழுவித் தரையில் விழுந்தது. “என்ன தம்பி, என் முடியப் பாத்துக் கை நடுங்குதா?” என்று கண்டக்டர் அம்மா சிரித்தார். நர்ஸ் அதைத் துடைத்துக் கொடுத்தது. மறுபடி பிடித்து, காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். கத்தரிக்கோல் வளையத்துக்குள் இருக்கும் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. என்னால முடியாது” என்றார். “விரல்ல உணர்ச்சியே இல்ல. கத்தரி தொறந்திருக்கா, மூடியிருக்கான்னு கண்ணால பாத்தாத்தான் தெரியுது. உங்க காதுல பட்டுட்டா?”

டீஷர்ட்டும் மெஷினும் டீ டம்ளரும் ஒன்றன்பின் ஒன்றாக மனதில் வந்து நின்றன. “எத்தன நாளா இந்தக் கூத்து?” என்று கேட்டேன்.

நர்ஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தது. “ஏண்ணா எங்கிட்ட சொல்லல?”

“நீங்க எவ்வளவு அக்கறையா கேக்கறீங்க. குறை சொன்னா உங்க முகம் வாடிப்போகும். அதுவுமில்லாம...” என்று இழுத்தார். “என்னால அந்த மருந்துக்குக் கெட்ட பேர் வரக்கூடாதுல்ல? நிறுத்திட்டா நான் எங்க போவேன்?”

பேச்சுக்கே குறைச்சல் இல்லாத அந்த மனிதர் எவ்வளவு பயந்து போயிருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டில், என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, தனியாகப் பயந்திருக்கிறார். கோபமாகத்தான் வந்தது. அவரை அங்கேயே கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

“அண்ணா, நான் மரியாதைக்குக் கேக்கல” என்றது அந்தப் பெண். “உங்களுக்கு ஆகுற கஷ்டத்தச் சொன்னா அளவைக் குறைப்போம். அதுக்கெல்லாம் முதல்லயே வழி வச்சிருக்காங்க. யாரையும் வெளிய தள்ள மாட்டோம். ஆனா நீங்க நல்லாருக்குன்னே சொல்லிட்டு இருந்தா, உங்க விரல் போறது மட்டுமில்ல. இந்த மருந்து கெடுதல் ஒண்ணும் செய்யாதுன்னு நாங்க நெனச்சுப்போம். உங்களுக்கு அப்புறம் வர்றவங்களுக்கும் இதே அளவுதான் கொடுப்போம். அவங்க விரலும் மரத்துப்போகும்.”

இவர் திருதிருவென்று முழித்தார். அடுத்தவர் காதில் கத்தரி படக்கூடாது என்று கையை இழுத்துக்கொண்ட மனிதருக்கு இதற்குமேல் யார் விளக்க வேண்டும்?

“சரிப்பா, என் தலை என்ன ஆச்சு? பாதி வழியில இறக்கிவிட்டுட்டீங்களே” என்றார் கண்டக்டர் அம்மா.

கத்தரிக்கோலை நான் வாங்கிக்கொண்டேன். அதற்குமுன் நான் வெட்டியதெல்லாம் காய்கறியும் துணியும்தான். இவர் என் பின்னால் நின்றுகொண்டு, “முடிய இறுக்கிப் பிடி... அவசரப்படாத... மெஷினைத் தலையோட படுக்கவச்சு ஓட்டு” என்று சொல்லச் சொல்ல வெட்டினேன். பின்னல் கண்டக்டர் அம்மாவின் மடியில் விழுந்தது. அவர் அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

முடிந்ததும், பழக்க தோஷம், இவர் சின்னக் கண்ணாடியை எடுத்துப் பிடித்தார். “எப்படிக்கா, நல்லாருக்கா?”

கண்டக்டர் அம்மா தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். கண்ணீர் வழிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும், “இடது காதுக்கு மேல ஒரு கொத்து விட்டுப்போச்சு. பாரு” என்றார்.

நான் மெஷினை இன்னொரு தடவை அங்கே ஓட்டினேன். சரியாகிவிட்டது.

இவர் அந்தக் காதையே பார்த்துக்கொண்டு நின்றார். “அவ்வளவுதானா?” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, “தங்கச்சி, ஸ்டூலைப் போடுங்க. சொல்றேன்” என்றார்.

சொன்னார், சொன்னார், அப்படிச் சொன்னார். பச்சைத் தண்ணீர் ஊசியாகக் குத்துவதையும், கையிலிருக்கும் சாவியைப் பையில் தேடுவதையும், படி இறங்கும்போது பாதம் தரையில் பட்டதா என்று குனிந்து பார்ப்பதையும் சொன்னார். வாயில் எதுவும் ருசிப்பதில்லை என்றும் சொன்னார். அத்தனை நாளும் என் சமையலை அருமை என்று சொல்லிச் சாப்பிட்டவர்! “வீட்டுக்கு வாங்க, வச்சிக்கறேன்” என்றேன். கேள்வித் தங்கச்சி சிரித்துவிட்டது.

அன்றைக்கு மருந்து ஏற்றவில்லை. டாக்டர் வந்து பார்த்தார். ஒரு சுற்று நிறுத்திவைத்து, பிறகு அளவைக் குறைத்து ஆரம்பித்தார்கள். மரத்துப்போனது முழுசாகத் திரும்புமா என்று இப்போதே சொல்ல முடியாது என்றார். அடுத்த ஸ்கேன் வரும்வரை நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். கட்டி போய்விடவில்லை, ஆனால் வளரவும் இல்லை. இருந்த இடத்திலேயே அடங்கிக் கிடக்கிறது. எங்களுக்கு அது போதும்.

போன வாரம் ஒரு நாள் கடைக்கு விடுமுறை. “வா, உன் முடிய நுனி வெட்டிவிடறேன்” என்று கூப்பிட்டார். ஊர்த்தலையெல்லாம் தொட்டவர் என் தலையைத் தொட்டதே இல்லை. நான் விட்டதும் இல்லை. சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தேன். மெதுவாகத்தான் வெட்டினார். வெட்டி முடித்து, வலது காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கியவரின் விரல் அங்கேயே நின்றது.

“ஏண்டி, இங்க என்ன சின்னதா ஒரு மரு?”

“அது நான் பொறந்ததுலேருந்து இருக்கு. கண்ணு இப்பத்தான் தெரிஞ்சுதா?”

“முடி மறைச்சிருக்குடி. நான் பாக்கல” என்றார். “விரல்ல தட்டுச்சு.”

நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

“என் மனசு சந்தோஷப்படணும்னு சொல்லாதீங்க.”

“இல்லடி. கட்டைவிரல் இன்னும் மரக்கட்டைதான். நடுவிரலும் அப்படித்தான். இந்த ஒரு விரல்லதான் தெரியுது, அதுவும் லேசா.”

குறையெல்லாம் சொல்லிவிட்டார் என்பதால் நம்பினேன். தலையைக் குனிந்து, காதுக்குப் பின்னால் இருந்த முடியை நானே ஒதுக்கிக்கொண்டு, “இன்னொரு தடவ தொட்டுப் பாருங்க” என்றேன்.