எஞ்சின் ஓடும்வரை

எங்கள் பெரியப்பா திருவண்ணாமலைக்கும் வேலூருக்கும் இடையே தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். வேலையை விட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த கொஞ்ச காலத்திலேயே அவருக்கு எல்லாம் மறக்கத் தொடங்கியது. முதலில் தெருவின் பெயர் போனது. பிறகு தம்பியான என் அப்பாவின் பெயர். கடைசியில் பெரியம்மாவே யாரென்று தெரியாமல் போனாள். தன் வீட்டுக்குள் யாரோ ஒரு பெண்பிள்ளை நடமாடுகிறாளே என்று சந்தேகத்தோடு அவளைப் பார்ப்பார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அந்த நோய்க்கு எங்கள் தெருவில் பெயர் எதுவும் இல்லை. புத்தி பெசகிடுச்சு என்றார்கள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். யாரோ தாயத்து கட்டினார்கள். மாத்திரை அவரைத் தூங்க வைத்தது, தாயத்தை அவர் கடித்துத் துப்பிவிட்டார். சாயங்காலமானால் படபடப்பு வந்துவிடும். கதவை இடிப்பார், சட்டையைக் கிழிப்பார், கையில் கிடைத்ததை எறிவார். நன்றாக இருந்த காலத்திலும் எங்கள் பெரியப்பா பிள்ளைகள் ஓடிப்போய் மடியில் ஏறும் மனிதர் அல்ல. வீட்டில் அவர் பேசி நான் கேட்ட வார்த்தைகள் 'தண்ணி', 'சோறு', 'விளக்க அணை' இவ்வளவுதான். பெரியம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நோய் வந்தபிறகு அந்த வார்த்தைகளும் நின்றுபோயின.

கதவு திறந்திருந்தால் வெளியே போய்விடுவார். நாலாபக்கமும் தேடிவிட்டு, கடைசியில் தெருமுனை மாவு மில்லில்தான் கண்டுபிடிப்போம். மெஷின் ஓடும் அறையின் வெளிச்சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் பதித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றிருப்பார். முகத்தில் அப்படி ஓர் அமைதி. கரண்ட் போனால் மட்டும் திடுக்கிட்டு விழித்து, மறுபடி தொலைந்துபோனவர் ஆகிவிடுவார்.

மற்றவர்களுக்கு அது பைத்தியத்தின் இன்னொரு சேஷ்டை. பெரியம்மா ஒருநாள் அவர் பக்கத்தில் போய், தானும் சுவரில் கை வைத்துப் பார்த்தாள். சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் வெகுநேரம் கையை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் அம்மாவிடம் சொன்னாள்: "சத்தம் இல்லடி. அந்த ஆட்டம்தான் அவருக்கு வேணும். இத்தினி வருஷம் பஸ்ல அது மேலதானே உக்காந்திருந்தாரு?"

சமீபத்தில் சென்னையில், மறதி நோய் வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்துக்குப் போயிருந்தேன். தாழ்ந்த ஒலியை ஓடவிட்டு மெல்ல அதிரும் நாற்காலி ஒன்று அங்கே இருந்தது. நோய் தீராது, ஆனால் சிலருக்கு இதில் உட்கார்ந்தால் மனசு அடங்குகிறது என்று அங்கிருந்த பெண் விளக்கினாள். பெரியம்மா வாழ்நாளில் அப்படி ஒரு நாற்காலியைப் பார்த்ததில்லை.

பெரியம்மா மில் சுவரில் கை வைத்துப் பார்த்த அந்தச் சமயத்தில் பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன், ஒரு முடிவோடு இருந்தான். இப்படிப்பட்டவர்களைச் சங்கிலி போட்டு வைத்துக்கொள்ளும் இடம் வெளியூரில் ஒன்று இருப்பதாக யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். அவன் கெட்டவன் இல்லை. பெரியப்பா எறிந்த சொம்பு அவன் பெண்டாட்டியின் நெற்றியைப் பிளந்திருந்தது. பெரியம்மா அழவில்லை, சண்டையும் போடவில்லை. "வர்ற சனிக்கிழமை நான் அவர பஸ்ல இட்டுனு போறேன். அப்புறம் பேசிக்கலாம்" என்றாள்.

"ஊரே சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும்."

ஒரு கையைப் பெரியம்மா பிடித்துக்கொண்டாள், இன்னொரு கையைப் பிடிக்க எனக்குப் பள்ளிக்கூட லீவு இருந்தது. பெரியப்பாவிடம் வேலை பழகியவர்தான் இப்போது அந்த பஸ்ஸுக்கு டிரைவர். "வாத்தியாரே, வாங்க" என்று அவரே இறங்கி வந்து தூக்கி ஏற்றி, முன்பக்கம் எஞ்சினை ஒட்டிய சீட்டில் உட்கார வைத்தார். அந்தக் காலத்து பஸ்ஸில் எஞ்சின் உள்ளேதான், டிரைவருக்குப் பக்கத்தில், ஒரு மூடிக்குக் கீழே இருக்கும். சாவி திருகியதும் தரையும் சீட்டும் கம்பியும் நடுங்க ஆரம்பித்தன. பெரியப்பா கால் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதங்களைத் தரையில் அழுத்தினார். வேங்கிக்கால் ஏரி தாண்டுவதற்குள் கைவிரல்களின் உதறல் நின்றுவிட்டது. கலசப்பாக்கம் வரும்போது, "ரெண்டாவது கியர் இழுக்குது, பார்த்துக்கோ" என்றார். டிரைவர் சட்டென்று தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று இரவு பெரியப்பா மாத்திரை இல்லாமல் தூங்கினார். அண்ணன் வெளியூர்ப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் போளூர் வரை போய்த் திரும்பினோம். மழைக்காலம் பிறந்ததும் அவரால் பஸ் படி ஏற முடியவில்லை. தை மாதத்தில், படுத்த படுக்கையாக இருந்து, போய்விட்டார். நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை நடந்தது.

அன்று பஸ்ஸில் கூட்டம் கம்மி. கொஞ்ச தூரம் போனதும் பெரியப்பா திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தார். வழக்கமான சந்தேகம் இல்லை. தெரியாத பெண்ணிடம் பேசும் மரியாதை இருந்தது.

"எங்கேம்மா போவணும்?"

"போளூருங்க" என்றாள் பெரியம்மா.

"தனியாவா வந்தீங்க?"

"ஆமாங்க."

முன்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே, எஞ்சின் சத்தத்தோடு சத்தமாகப் பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. "வூட்ல எங்காளு ஒண்ணு இருக்குது. நான் போற வரைக்கும் சாப்புடாது. எவ்ளோ நேரமானாலும் தட்ட வெச்சினு உக்காந்திருக்கும். சாப்டியான்னு ஒருநாளும் நான் கேட்டதில்ல. வண்டில வர்றப்ப எல்லாம் நெனச்சுக்குவேன், இன்னிக்கு கேக்கணும்னு. வாசப்படி தாண்டினா வாய் வரமாட்டேங்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியம்மாவின் இடுப்பை இடித்து, "அது நீதான்னு சொல்லேன் பெரியம்மா" என்றேன்.

அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "சும்மா இரு. அவரு பேசட்டும்." அவர் பக்கம் திரும்பி, "அவங்களுக்குத் தெரியுங்க. நீங்க கேக்காட்டியும் தெரியும்" என்றாள்.

"தெரியுமா?" என்று கேட்டார் பெரியப்பா.

"தெரியுங்க."

அவர் தலையாட்டினார். போளூர் பஸ் ஸ்டாண்டில் டிரைவர் எஞ்சினை அணைத்தார். தரை அசைவற்றுப் போனது. பெரியப்பாவின் முகமும் மெல்ல வெறிச்சிட்டது. இறங்கியதும் அவரை வேப்பமரத்தடி சிமெண்ட் மேடையில் உட்கார வைத்தோம்.

எப்போதும் அவருக்கு ஊட்டி, எனக்குக் கொடுத்து, கொண்டுவந்த சோற்றுத் தூக்கின் அடியில் மிஞ்சுவதைத்தான் பெரியம்மா சாப்பிடுவாள். அன்று தூக்கைத் திறந்தவள் முதல் கவளத்தை உருட்டித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, மென்று விழுங்கினாள். கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடையில் நின்றது. "நான் சாப்ட்டேங்க" என்றாள் அவரிடம். அவர் யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பது போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பியிருப்பாள், பசி தாங்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.