உடம்போடு வந்தவர்

போன வருஷம் மாசியில் என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மதுரை மார்க்கெட்டில் மூட்டை தூக்கினவர். வாடிப்பட்டி வீட்டில் கட்டிலோடு கிடந்தார். எல்லாம் படுக்கையில்தான். கழுவித் துடைப்பது நான் ஒருத்தி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

சித்திரை வெயிலில் அவர் சாப்பாட்டை நிறுத்தினார். சாப்பிட்டால்தானே நான் கழுவ வேண்டும். அந்த வெட்கம். "நீ கழுவி நான் கெடக்குறதுக்கு, போய்ச் சேர்றது மேலு" என்றார். பிறகு பேச்சும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

நான் அலுத்துப்போனேன். அழவும் தெம்பில்லை. எங்கள் வீட்டில் குளிக்காமல் வேதாகமத்தைத் தொடுவதில்லை. முழங்கால் போட்டு ஜெபிப்பதும் அப்படித்தான். குளித்து வருவதற்குள் அவருக்கு மறுபடி துணி மாற்ற வேண்டியிருக்கும். அதனால் இரண்டுமே நின்றுபோயின. ஆண்டவரே, அவர் வாயைத் திறக்கப் பண்ணும். மனசுக்குள் இது மட்டும் ஓடும்.

சபையில் எஸ்தர் மதினி ஒரு புத்தகம் கொடுத்தார். தேவன் மனுஷனானதைப் பற்றி ஆதித் திருச்சபைப் பெரியவர் ஒருவர் எழுதினது. தமிழில் வந்திருக்கிறது.

"எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும் மதினி."

"கூட்டித்தான் படியேன். ஒன்னைய யாரு ஓட்டப்பந்தயம் ஓடச் சொன்னா?"

வேதம் இல்லையே, புத்தகம்தானே என்று குளிக்காமலே கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகக் கூட்டி வாசித்தேன். பல வரி விளங்கவில்லை. ஒன்று விளங்கியது. தேவன் நம் உடம்பை அருவருக்கவில்லை. தூரத்தில் நின்று கூப்பிடாமல், பசிக்கிற, களைக்கிற இந்த உடம்பையே எடுத்துக்கொண்டார். வயிற்றில் கிடந்தார். பால் குடித்தார். அதனால் அவர் அழுக்காகவில்லை. உடம்புதான் சுத்தமானது.

மூச்சு வாங்க நிறுத்தினேன். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப அவரையும் அவுக ஆத்தா கழுவி விட்டுருக்கும்ல?"

"கழுவாம? பச்சப்பிள்ளைதான."

"கூச்சப்படலையாக்கும்."

"தேவகுமாரனே கழுவ விட்டாரு. ஒங்களுக்கு மட்டும் என்ன பவுசு?"

அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்புதான். ஓடிப்போய்க் கஞ்சி கொண்டுவந்தேன். வாயைத் திறந்தார்.

"உப்பு பத்தல" என்றார்.

ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே உப்பு எடுக்க ஓடினேன்.

அவர் இன்னும் நடக்கவில்லை. என் இடுப்பு வலியும் தீரவில்லை. ஆனால் சாப்பிடுகிறார். நான் கழுவும்போதே ஜெபிக்கிறேன். அதுவும் ஆண்டவருக்குச் செய்கிற ஊழியம் என்று இப்போது தெரியும்.

நோயாளியை வைத்துக்கொண்டு சோர்ந்துபோன விசுவாசிகளே, அந்தக் காலத்துப் பெரியவர்கள் எழுதினதைப் படியுங்கள். படிக்க வராவிட்டால் யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். படுத்திருப்பவர் காதிலும் விழட்டும்.